டி.டி.ஆர். த்ரீ கேட்ட மாப்பிள்ளைக்கு

முரளி,

இந்தக் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படிக்காதே. ரூமுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படி. ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "மா, ஒரு கால் வருது, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். ஹைதராபாத் போன நாளிலிருந்து உன்னுடைய 'அப்புறம்' எதுவும் வந்ததில்லை. கடிதத்தை நீ பாதியில் வெட்ட முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் பெற்றவள் பிள்ளைக்கு இப்படியா எழுதுவாள் என்று உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுக்கிறார். உன்னை ஆசீர்வாதம் பண்ண மண்டபம் நிறைய ஆள் வரும், அட்சதை கூடை கூடையாக விழும். உன்மேல் கோபப்படுவதற்கு என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்துவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் ரேவதியின் அப்பா நம் வீட்டுக்கு வந்தார். வருவதாக முன்கூட்டிச் சொல்லவில்லை. கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து, பொம்மனஹள்ளியிலிருந்து பஸ் மாறி மர்ஃபி டவுன் வந்து சேர்வதற்குள் மனிதர் களைத்துப் போயிருந்தார். சட்டைத் தோளில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பத்திரிகை வைக்கும் விஷயமாக வந்திருப்பார் என்று நினைத்துக் காபி போட்டேன். உன் அப்பா வீட்டில் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். என்னிடம் தனியாகப் பேசத்தான் வந்திருக்கிறார். காபியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே ஓரமாக வைத்துவிட்டு, ஃபோனை எடுத்து பட்டனைத் தட்டித் தட்டித் தேடி, கம்ப்யூட்டர் கேட்டு நீ அனுப்பிய எஸ்.எம்.எஸ்ஸை என் முன்னால் நீட்டினார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். புதிதாக வந்திருக்கும் பிராசசரின் பெயர், அதன் நம்பர். அடுத்த வரியில் மெமரி எவ்வளவு என்று. அதற்கும் கீழே, மெமரி புது வகை டி.டி.ஆர். த்ரீ மட்டும்தான், பழைய டி.டி.ஆர். டூ வேண்டவே வேண்டாம், ப்ளீஸ் என்று. முதலில் எனக்கு எரிச்சல் வந்தது அந்த ப்ளீஸைப் பார்த்துத்தான்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நீங்க இந்த லைன்ல இருந்தவங்களாச்சே, சம்பந்தியம்மா. அதான் ஒங்க கிட்டயே கேட்டுக்கலாம்னு வந்தேன். கடைக்காரரு என்னா சொல்றாருன்னா, இதே மாதிரி புது பிராசசரு, ஆனா பழைய டைப் மெமரி போடற போர்டும் இருக்குது, சொல்ப கம்மியா முடிஞ்சிடும்னு. அத போட்டா மாப்பிளைக்குத் தெரிஞ்சிடுமா?"

முரளி, இந்தக் கேள்வியை நீ இன்னொரு தரம் படி. பெண்ணைக் கொடுக்கப் போகிறவர், மாப்பிள்ளையை ஏமாற்ற வழி இருக்கிறதா என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே வந்து கேட்கிறார். அவர் தந்திரக்காரராக இருந்தால் என்னிடம் வருவாரா? வேறு போக்கிடம் இல்லாமல் வந்திருக்கிறார். எந்தக் கதவைத் தட்டக் கூடாதோ அந்தக் கதவையே தட்டும் அளவுக்கு ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது உன் எஸ்.எம்.எஸ். ரேவதிக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "அய்யோ, தெரியாதுங்க. தெரிஞ்சா அது சண்ட போடும்" என்று பதறினார். அவள் சண்டை போடுவாள் என்று கேட்டதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அந்த வீட்டில் ஒருத்தருக்காவது உன்னிடம் பயமில்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நானா கேட்டேன், அவர்தானே 'மாப்பிளைக்கு என்ன வேணும், கூச்சப்படாம சொல்லுங்க' என்று கேட்டார் என்பாய். கேட்பார்தான். எல்லாப் பெண்ணைப் பெற்றவரும் கேட்பார்கள். அது கேள்வியே இல்லை, மரியாதை. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லையா, அதுபோல. அதற்கு யாராவது இலையைப் போடச் சொல்லிவிட்டு, கூட்டு எப்படி இருக்கவேண்டும், பொரியலில் தேங்காய் எவ்வளவு போடவேண்டும் என்று வரிசையாகச் சொல்வார்களா? அவர் மரியாதைக்குக் கேட்டார், நீ கான்ஃபிகரேஷன் அனுப்பினாய். ஆபீஸ் கொடுத்த லாப்டாப் ஒன்று ஏற்கெனவே உன் மடியில் இருக்கிறது. இந்தப் பெட்டி உனக்கு எதற்கு? விளையாடுவதற்கும் படம் பார்ப்பதற்கும். டி.டி.ஆர். டூவில் பார்த்தால் படத்தில் கதாநாயகன் மெதுவாக ஓடுவானா? இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது எதுவென்று கண்டுபிடிக்கச் சொன்னால் நீயே முழிப்பாய். இத்தனை வருஷம் அதைக் கழற்றி மாட்டியவள் சொல்கிறேன். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். பெண்டாட்டி இன்னும் வீட்டுக்கே வரவில்லை, அதற்குள் நெய் உருக்கக் கிளம்பிவிட்டாய்.

பழைய மெமரி என்றால் உனக்கு ஏன் இத்தனை இளக்காரம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. நம் வீட்டில் அடுப்பு எரிந்ததே அதனால்தான். எஸ்.பி. ரோட்டில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒரே விஷயம்: புது போர்டு, புது பிராசசர் போட்டுக் கொடுங்கள், ஆனால் இருக்கிற ரேம் வீணாகக் கூடாது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சின்ன அட்டை வந்தது. பழைய குட்டி ரேம்களை அதில் வரிசையாகச் செருகி, அந்த அட்டையைப் புது போர்டில் செருகிவிடலாம். மேலே பார்க்கக் கோபுரம்போல நிற்கும், பெட்டியின் மூடி முட்டும், ஆனால் ஓடும். அப்புறம் இரண்டு வகை மெமரிக்கும் இடம் வைத்த போர்டுகள் வந்தன. இதைப் போடலாம், இல்லை அதைப் போடலாம், இரண்டையும் ஒன்றாகப் போட்டால்தான் மெஷின் எழும்பாது. அதைத் தெரியாமல் வீட்டில் தாங்களே செருகிப் பார்த்துவிட்டு, செத்துப்போன போர்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து லேப் முழுவதையும் அப்படித்தான், பழைய மெமரியை வைத்துக்கொண்டே புது பிராசசருக்கு மாற்றிக் கொடுத்தோம். அங்கே படித்த பிள்ளைகள் யாரும் கெட்டுப் போகவில்லை. இருப்பதை வைத்துப் புதியதை ஓடவைப்பது எங்கள் தொழிலில் கௌரவமான வேலை. செலவு செய்யப் பணம் இருக்கிறவன் யார் வேண்டுமானாலும் எல்லாவற்றையும் புதிதாக வாங்கி மாட்டலாம், அதற்கு என்னைப்போல ஒருத்தி தேவையே இல்லை.

நீ மட்டும் எதில் படித்தாய்? உன் காலேஜ் பிராஜெக்ட் ஓடிய பெட்டி நினைவிருக்கிறதா? அதில் பிராசசர் அந்த வருஷத்துப் புதுசு, கடை முதலாளி சேட்டு எனக்குப் போனஸுக்குப் பதிலாகக் கொடுத்தார். மெமரி, கஸ்டமர்கள் கழற்றிப் போட்டுவிட்டுப் போனது. ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்துத் தேய்த்து நானே மாட்டினேன். புரோகிராமை ஓடவிட்டுவிட்டு நீ தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவாய், வரும்போது முடிந்திருக்கும். அப்போது உனக்கு அது அவமானமாக இல்லை. பெற்றவள் மாட்டினால் பழைய மெமரி போதும், மாமனார் வாங்கினால் மட்டும் டி.டி.ஆர். த்ரீ வேண்டுமோ?

சரி, உன் விமலா சித்தி கல்யாணத்துக்கு வருகிறேன். நீயும் அங்கே இருந்தாய், பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாய், ஆனால் உனக்குத் தெரிந்தது கால்வாசிதான். மிச்சத்தை நாங்கள் யாரும் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது தப்பு என்று இப்போது தெரிகிறது.

சித்தப்பாவின் வீட்டார் மல்லேஸ்வரத்திலிருந்து பெண் பார்க்க வந்தபோது முதலில் சொன்னது, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யுங்க" என்பதுதான். இரண்டாவது தடவை வந்தபோதும் அதையே சொன்னார்கள். மூன்றாவது தடவை, பையனுக்கு ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஆரம்பித்து, எந்தக் கம்ப்யூட்டர் என்பதையும் சொன்னார்கள். டி.வி. விளம்பரத்தில் வந்துகொண்டிருந்த புது பிராசசரின் பெயர். அந்தப் பெயர் பெட்டியின் முகப்பில் ஒட்டியிருக்கவேண்டும். சித்தப்பா ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், வீட்டில் அவருக்கு அதில் என்ன வேலை என்று அவருக்கே தெரியாது. கொஞ்சம் பழைய பிராசசரே போதும், வேலைக்குச் சரியாக இருக்கும் என்று நான் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். சித்தப்பாவின் அப்பா சிரித்துக்கொண்டே, அந்தப் பேர் இருந்தால் போதும், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்றார். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

அந்தப் பிராசசர் வந்த புதிதில் அதற்கென்று தனியாக ஒரு மெமரி உண்டு. ஜோடி ஜோடியாகத்தான் போடவேண்டும். காலியாக இருக்கும் இடத்தில்கூட ஒரு வெற்று அட்டையைச் செருகினால்தான் மெஷின் எழும்பும். விலையைக் கேட்டால் கடைக்கு வந்தவர்கள் பேசாமல் படியிறங்கிப் போவார்கள். அப்புறம்தான் அதே பிராசசரைப் பழைய வகை எஸ்.டி. ரேமிலேயே ஓட்டும் போர்டு வந்தது. வேகம் குறையும், இல்லை என்று சொல்லமாட்டேன். பெரிய மாவு மெஷினில் அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுவதுபோல, அரைக்கிறது சும்மா சுற்றிக்கொண்டு காத்திருக்கும். ஆனால் கெட்டுப்போகாது, நிற்காது. அந்த போர்டைத்தான் போட்டேன். ரேம் இரண்டும் கவரைப் பிரிக்காத புத்தம் புதுசு, என் கையால் பிரித்து மாட்டினேன். வகைதான் பழையது, பொருள் புதிது. என் தங்கை கல்யாணத்துக்கு என் கையாலேயே ஒரு சீர் செய்துவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

ரிசப்ஷன் அன்றைக்கு சீர்வரிசையை எல்லாரும் பார்க்கும்படி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கட்டில், பீரோ, பாத்திரம், கிரைண்டர், நடுவில் மேசைமேல் கம்ப்யூட்டர். மானிட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சின்ன மாலைகூடப் போட்டிருந்தார்கள். சித்தப்பாவின் பெரியப்பா பையன் ஒருத்தன், கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறவன், நேராக அதன் முன்னால் போய் உட்கார்ந்தான். தானம் கொடுத்த மாட்டையே பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், இது கேட்டு வாங்கிய மாடு, பார்க்காமல் விடுவானா? மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, எழும்பும்போது திரையில் ஓடும் எழுத்தை நிறுத்தி, மெமரி வகை இருக்கும் வரியைப் படித்தான். படித்துவிட்டு, "இது பழைய மெமரி போட்டிருக்காங்க" என்று சத்தமாகச் சொன்னான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அதற்காக அவன்மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை.

கோபமெல்லாம் அந்த வார்த்தை அங்கிருந்து கிளம்பிப் போன வழியைப் பார்த்துத்தான். மேசையில் பழைய மெமரியாக இருந்தது, மேடைக்குப் போகும்போது பழைய மெஷின் ஆனது. பந்திக்குப் போய்ச் சேர்ந்தபோது, அக்கா வேலை செய்யும் கடையில் யாரோ போட்டுவிட்டுப் போனதைத் துடைத்துச் சீர் என்று வைத்துவிட்டார்கள் என்று ஆகிவிட்டது. அது புதுசு, வகை மட்டும்தான் பழையது என்று நான் ஒவ்வொருத்தரிடமாகச் சொல்லிப் பார்த்தேன். பழையது என்று நானே ஒப்புக்கொள்கிறேனாம், அதைத்தான் அவர்கள் கேட்டார்கள். பந்தியில் பெண் மாப்பிள்ளையை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி, யார் காதில் விழுந்தாலும் விழட்டும் என்கிற குரலில் சொன்னாள்: "கம்ப்யூட்டரும் பழசு. பொண்ணும் ஏற்கெனவே பூ வெச்ச பொண்ணுதானே."

விமலாவுக்கு அதற்கு முந்தின வருஷம் ஒரு இடத்தில் பூ வைத்து நின்றுபோனது உனக்குத் தெரியும். நின்றதற்கு அவள் காரணமில்லை, அவர்களுக்கு வேறு வசதியான இடம் கிடைத்தது, போய்விட்டார்கள். இவர்களிடம் அதை மறைக்கவுமில்லை. அந்த வார்த்தை விமலா காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. இலையில் இருந்ததைக் குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தாள். பக்கத்தில் சித்தப்பா பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் வெளியே அவருடைய அப்பா, இதை இப்படியே விட்டால் நாளைக்கு முகூர்த்தத்தில் உட்கார எங்களுக்கு மனசு வருமா என்று பேச ஆரம்பித்துவிட்டார். நான் சித்தப்பாவிடம் போனேன். மெஷின் புதுசு, நீங்கள் ஒரு வார்த்தை உங்கள் அப்பாவிடம் சொன்னால் முடிந்துவிடும் என்றேன். அவர் ரொம்ப மரியாதையாக எழுந்து நின்றுதான் பதில் சொன்னார்: "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வீட்ல பெரியவங்க பாத்துப்பாங்க."

பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மிலிட்டரி மெஸ்ஸில் சமையல்காரராக இருந்து, கர்னலிடமே உப்புச் சரியாகத்தான் இருக்கிறது என்று எதிர்த்துச் சொன்ன உன் தாத்தா, மண்டபத்து வாசலில் வைத்து அந்த மனிதர் முன்னால் கையைக் கூப்பினார். தப்பா நெனச்சுக்காதீங்க, மாத்திக் குடுத்துடறோம் என்றார். அதற்கப்புறம்தான் மறுநாள் தாலி ஏறியது. மறுவீடு முடிந்ததும் புது போர்டும் விலை கூடின மெமரியும் எடுத்துக்கொண்டு நானே மல்லேஸ்வரம் போனேன். அவர்கள் வீட்டு ஹாலில் தரையில் உட்கார்ந்து கழற்றி மாட்டினேன். வேலை முடிகிறவரை சித்தப்பாவின் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார், மறுபடியும் பழசைப் போட்டுவிடுவேனோ என்று. விமலா அடுக்களை வாசலில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

மெமரி மாறியது, வார்த்தை மாறவில்லை. அந்த வீட்டில் அவள் உப்புப் போட மறந்தால் "மெமரி பழசுல்ல" என்பார்கள். பால் பொங்கினால், பால்கார ரசீதை எங்கேயோ வைத்துவிட்டால், எல்லாவற்றுக்கும் அதே பேச்சு, அதே சிரிப்பு. அது வேடிக்கையாம். அவளும் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது அவளே தன்னைப்பற்றி அப்படிச் சொல்லிக்கொள்கிறாள், அதைக் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சித்தப்பா கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், சம்பளத்தை முழுசாகக் கொண்டுவந்து கொடுப்பார். அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம் பேசவேண்டிய இடத்தில் பேசவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக என் தங்கை இத்தனை வருஷம் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

போன பொங்கலுக்கு அவள் நம் வீட்டுக்கு வந்தாள். உனக்குப் பிடிக்கும் என்று செய்த அதிரசத்தை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். நீ சோபாவில் படுத்துக்கொண்டே "சித்தி, மெமரி பழசு, அப்கிரேட் பண்ணணும்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். அன்றைக்கே உன்னைப் பிடித்து உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருக்கவேண்டும். பண்டிகை நாளில் எதற்கு என்று விட்டேன். நீ அந்த வேடிக்கையை மட்டும் கற்றுக்கொண்டாய் என்று நினைத்தேன், நேற்று சாயங்காலம்தான் நீ முழுப்பாடத்தையும் கற்றுக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தது. மல்லேஸ்வரத்துக்காரர்கள் மூன்று தடவை வந்து தயங்கித் தயங்கிக் கேட்டதை நீ ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் முடித்துவிட்டாய். அவர்கள் மெமரியை மண்டபத்தில் வைத்துக் கண்டுபிடித்தார்கள். நீ விவரம் தெரிந்த பிள்ளை, முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டாய்.

இப்போது ரேவதியின் அப்பாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேள். தெரிந்துவிடுமா என்று அவர் கேட்டதற்கு, "நீங்க எதையும் வாங்காதீங்க. எங்க வீட்டுக்குக் கம்ப்யூட்டரே வேணாம்" என்றேன். நல்லதுதானே சொன்னேன் என்று நினைப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "தப்பா கேட்டுட்டேன் சம்பந்தியம்மா, மனசுல வெச்சிக்காதீங்க. மாப்பிள கேட்டதயே வாங்கிடறேன், புதுசே வாங்கிடறேன்" என்றார். இல்லை, உண்மையாகவே வேண்டாம், பெற்றவள் நான் சொல்கிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் கூடியது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் வேண்டாம் என்றால் பெண் வீட்டார் காதில் அது எப்படி விழும் என்பது எனக்குத் தெரியாதா, நானும் பெண் வீட்டுக்காரியாக இருந்தவள்தானே. இது போதாது என்று விழும், இல்லாவிட்டால் சம்பந்தமே வேண்டாம் என்று விழும். பி.எஃப். லோனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், வந்துவிடும் என்றார். கடைசியில், "கூட ஒரு பிரிண்டரும் வெச்சிடறேங்க" என்றார். நான் வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு பிரிண்டர் கூடியது. இந்த லட்சணத்தில் இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஸ்கூட்டர் வந்திருக்கும்.

ஆக, என்னால் இதை நிறுத்த முடியாது. உன் அப்பா போய்ச் சொன்னாலும் முடியாது. எஸ்.எம்.எஸ். எந்தக் கையிலிருந்து போனதோ அந்த ஆள்தான் பேசவேண்டும். இன்னொரு எஸ்.எம்.எஸ். அனுப்பாதே, அதை அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வேறு எதையாவது பயந்துகொள்வார். ஃபோன் பண்ணு, உன் குரலில் பேசு. அம்மா வேண்டாம் என்கிறாள் என்று என் தலையில் கட்டாதே, அப்படிச் சொன்னால் மாமியார் கோபத்தில் இருக்கிறாள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். எனக்கு வேண்டாம், நான் கேட்டது தப்பு, என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல். என்ன குறை மாப்பிள்ளை என்று அவர் நாலு தடவை கேட்பார். நாலு தடவையும் பொறுமையாகப் பதில் சொல். உனக்கு மீட்டிங் இருந்தால் மீட்டிங் காத்திருக்கட்டும். அப்புறம் ரேவதியிடமும் நீயே சொல்லிவிடு, நடந்தது அத்தனையும். அவள் சண்டை போட்டால் வாங்கிக்கொள், அது உனக்கு வரவேண்டியதுதான். நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன். அவள் என் மருமகளாக வருவதற்கு முன்னாலேயே சொல்வேன், அப்புறம் வருவதும் வராததும் அவள் இஷ்டம். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் அப்படியே வைத்துக்கொள்.

அவர் ஞாயிற்றுக்கிழமை பெட்டி வாங்க எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறார். நேற்று கிளம்பும்போது அவர் ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வீடு போய்ச் சேருகிறவரை உன் எஸ்.எம்.எஸ்ஸைத் திறந்து பார்க்க முடியாது, வழியில் முன்பு விசாரித்த கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவேண்டும், பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்று அவருக்குக் கவலை. என்னிடம் ஒரு தடவை சரியாகச் சொல்லிக்காட்டச் சொன்னார், சொன்னேன். அதை மறந்துவிடாமல் இருக்க, "டி.டி.ஆர். த்ரீ, டி.டி.ஆர். த்ரீ" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நம் வீட்டுப் படியில் இறங்கினார். நாளைக்கு ஒரு பேத்தி பிறந்தாலும் அதன் பெயரை அவர் இத்தனை பயத்தோடு சொல்லிப் பார்க்கமாட்டார். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு திரும்புகிறவரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. போதும், நிறுத்துங்கள் என்று கூப்பிட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை. நீ சொல்.

அம்மா